இரண்டு மெல்லிய வாஷர்கள்

என் தம்பி எதையெல்லாம் மல்லுக்கட்டி வாங்கினான் என்பதை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடம் அவனை இரண்டு முறை கவிழ்த்தது. அதே ஆள் இன்று கட்டம்போட்ட தாளில் கோடும் கோணமும் இழுத்து, சுழலும் ஒரு பொருளில் எந்த இடத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று பென்சில் முனையால் தொட்டுக் காட்டுகிறான். நூற்றெண்பது பக்க ஆங்கிலக் கையேடு ஒன்றை, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒன்பது மாதத்தில் படித்து முடித்தான். விமானப் பராமரிப்பு உரிமத் தேர்வில் இரண்டு முறை விழுந்து மூன்றாம் முறை எழுந்தான். அப்போது அவனுக்கு வயது நாற்பத்தொன்று. கூட எழுத வந்த பிள்ளைகள் அவனைக் கண்காணிப்பாளர் என்று நினைத்து, விடைத்தாள் எப்போது தருவீர்கள் என்று கேட்டார்களாம். உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். விமானத்தின் மூக்கை எட்ட அவனுக்கு முக்காலி வேண்டும். அந்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு புரொப்பெல்லர்களைச் சமன் செய்திருக்கிறான். அதிர்வு நிற்கவில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. வேறொரு காரணத்துக்காக ஒன்றை நிறுத்த வேண்டியிருந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் துணி துவைக்கும் இயந்திரத்தைத்தான் சொல்வேன். ஈரப் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டுகொண்டால், அது குதித்துக் குதித்து அறையின் பாதி தூரம் நடந்து வந்துவிடும். சின்ன விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லருக்கும் அதே கதைதான். ஒரு இறக்கை மற்றதைவிட ஒரு தேக்கரண்டி சர்க்கரை அளவு கனமாக இருந்தால் போதும். நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு சுற்றில் அந்தச் சர்க்கரை சுத்தியலாகிவிடும். உடனே தெரியாது. முதலில் ஓட்டுபவரின் பாதம் மரத்துப்போகும். பிறகு முன்பலகையில் திருகுகள் தளரும், மானிகளின் முள் நடுங்கும், எஞ்சின் மூடியில் மயிரிழை போல விரிசல் ஓடும்.

தம்பி செய்வது இது. எஞ்சினின் முன்பக்கத்தில் அதிர்வை உணரும் சென்சாரைப் பூட்டுவான். புரொப்பெல்லரின் ஒரு இறக்கையின் பின்புறம், வெளிச்சம் பட்டால் மினுங்கும் டேப்பைக் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டுவான். அதிர்வை அளக்கும் பெட்டி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காருவான். தரையில் நின்றபடியே எஞ்சின் ஓடும். பெட்டி இரண்டு எண் சொல்லும்: எவ்வளவு அதிர்கிறது, எந்தத் திசையில் கனம் என்று. எஞ்சினை நிறுத்தி, மூக்கில் இருக்கும் கூம்பைக் கழற்றி, உள்ளே உள்ள வட்டத் தட்டின் துளையில் சின்னத் திருகும் வாஷர்களும் வைத்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பான். பெட்டியின் எண் புள்ளி பூஜ்யம் ஏழுக்குக் கீழே வந்தால் வேலை முடிந்தது. அதற்குக் கீழே போக வேண்டும் என்று கையேட்டில் எங்கும் இல்லை.

இந்தப் பெட்டி அவன் கைக்கு வந்ததே தற்செயல். விமானம் நிறுத்தும் அந்தப் பெரிய கொட்டகையில், ஹேங்கர் என்பார்கள், அவன் முதல் நாலு வருடம் தரையைத் துடைத்தான், டயரில் காற்றடித்தான், எண்ணெய்த் தட்டுக் கழுவினான். பெட்டி பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் கையேட்டைப் பிரிக்கவில்லை. ஒருநாள் பெரிய சாரிடம், "நான் படிச்சுப் பாக்கட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறான். பெரிய சார் என்பவர் அங்கே உரிமம் பெற்ற பொறியாளர். யார் செய்த வேலையானாலும் புத்தகத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அவர் சொன்னாராம், "படி. ஆனா படிச்சது புரியலன்னா எனக்கு விளக்கம் சொல்ல வந்துடாதே. எனக்கும் புரியல."

புரிந்துகொண்ட பிறகு அவன் செய்த முதல் காரியம், நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சின்னத் தராசு ஒன்று வாங்கியது. வாஷர்களை ஒவ்வொன்றாக நிறுத்து, மாத்திரை டப்பாவின் அறைகளில் பிரித்து வைத்தான். மெல்லிய வாஷர் ஒன்று அரைக் கிராம். விமானங்களுக்கு வண்ணம் அடிக்கும் பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, "உன்னையே அந்தத் தராசுல வெச்சா அரைக்கிராம் தேறுமாடா?" என்றார். அன்றிலிருந்து அவன் பெயர் அரைக்கிராம். சொந்தப் பெயர் சொன்னால் வாசல் காவலாளிக்குத் தெரியாது.

ஒரு தொழிலதிபர் தன் சொந்த விமானத்தைக் கொண்டுவந்து, ஒரே நடுக்கம், நாலு வாஷர் வை என்றார். தம்பி எஞ்சினைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தான். எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் கருகிப்போயிருந்தன.

"ரப்பரை மாத்துங்க. காய்ச்சலுக்கு மேல போர்வை போத்துறதுல பிரயோஜனம் இல்ல."

"நீ டாக்டரா?"

"இல்லீங்க. போர்வை குடுக்கிறவன். குடுக்க மாட்டேங்கிறேன், அவ்வளவுதான்."

அவர் கோபித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போய், ரப்பரை மாற்றிக்கொண்டு, மறு மாதம் இங்கேயே வந்தார். இதைப் பெயிண்டர் என்னிடம் சொன்னார். தம்பி சொல்லவில்லை. அவன் வீட்டில் சொல்வதெல்லாம் எண்கள்தான். "இன்னிக்கு ஆறு, அக்கா." "இன்னிக்கு நாலு." பரீட்சை மதிப்பெண் போல நானும் காலண்டரில் குறித்துக்கொள்வேன். குறைந்த மார்க்குக்குச் சந்தோஷப்பட்ட வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

ஹேங்கரில் பதினோரு வருடம் ஆனபோது உரிமத் தேர்வு எழுத அவனுக்குத் தகுதி வந்தது. அதற்குப் பொறியாளரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். பெரிய சார் எழுதிக் கொடுக்கச் சம்மதித்தார். சான்றிதழ்களை நான்தான் தேதி வாரியாக அடுக்கி, ஊசி குத்திக் கொடுத்தேன். கடிதம் தயாராகி, உறையில் போட்டு, அவர் மேசைமேல் இருந்தது. வெள்ளிக்கிழமை தபாலில் போக வேண்டும். அது வியாழக்கிழமை.

அன்று காலை பறக்கும் பள்ளியின் விமானம் ஒன்று வந்திருந்தது. பறக்கக் கற்றுக்கொடுக்கும் அம்மையார் எஞ்சினை ஓட்டினார். அவரை எல்லோரும் கேப்டன் மேடம் என்பார்கள். மதியம் அவர் ஒரு மாணவியோடு ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ள இன்னொரு விமானத் தளத்துக்குப் போய், சாயங்காலம் திரும்ப வேண்டும். தம்பி தட்டின் இரண்டு துளைகளில் கனம் வைத்தான். சோதித்துப் பார்க்கும்போது மட்டும் சாதா நட்டு போடுவான். அவை நாலு, அடையாளத்துக்காக மஞ்சள் பூசியவை. கனம் சரியானதும் மஞ்சளை எடுத்துவிட்டு லாக் நட்டு போட வேண்டும். லாக் நட்டு தானாகத் தளராது. ஒருமுறை கழற்றினால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதுதான் போட வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு துளையிலும் லாக் நட்டு போட்டு, கடைசியாக ஓட்டிப் பார்த்தார்கள். பெட்டி புள்ளி பூஜ்யம் ஆறு காட்டியது.

"வந்துடுச்சில்ல? கிளம்பலாமா?" என்றார் கேப்டன் மேடம்.

"இன்னொரு தடவை மேடம். ரெண்டு வாஷர் சேத்தா அஞ்சுக்கு வரும்."

"ஆறுக்கும் அஞ்சுக்கும் என் இடுப்புக்கு வித்தியாசம் தெரியப்போகுதா?"

"பெட்டிக்குத் தெரியுமே."

"உங்க பெட்டிக்கா நான் சொல்லித்தரேன்? சரி, சீக்கிரம் ஆகட்டும்."

அவன் இறங்கினான். ஒரு துளையில் லாக் நட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டான். இரண்டு மெல்லிய வாஷர்களைச் சேர்த்து, சோதனைக்காக மஞ்சள் நட்டு போட்டான். ஓட்டினார்கள். பெட்டி ஐந்து காட்டியது. ஸ்டோரிலிருந்து புது லாக் நட்டு வாங்கிவந்து கருவிகள் வைக்கும் டிரேயில் வைத்தான். மாணவி பையோடு வந்து நின்றாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். பெரிய சார் வந்து, "எவ்வளவு?" என்றார். "அஞ்சு சார்" என்றபடியே தம்பி கூம்பை எடுத்து மூடினான். சார் கூம்புக்குள் எட்டிப் பார்க்கவில்லை. எண்ணைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு மணி பத்து நிமிடத்துக்கு விமானம் ஏறியது.

மூன்றே முக்காலுக்கு அடுத்த வேலைக்காக டிரேயைத் துடைக்கப் போனபோது, அதில் ஒரு லாக் நட்டு இருந்தது. மரையில் கீறல்கூட இல்லாத புது நட்டு. மஞ்சள் நட்டுகளை எண்ணினான். மூன்று இருந்தன. மறுபடி எண்ணினான். பிறகு விமானம் நின்ற இடத்தைத் துடைப்பத்தால் இரண்டு முறை கூட்டினான். பெயிண்டர் பார்த்துவிட்டு, "என்னடா, பழைய வேலைக்கே திரும்பிட்டியா?" என்றார். இவன் மேசைக்கு அடியிலும் துடைப்பத்தை விட்டான். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு முட்டி போட்டு அவரும் தேடினார்.

சோதனைக்கு இரண்டு நிமிடம் ஓட்டினால் சாதா நட்டு தாங்கும். வானத்தில் மணிக்கணக்காக ஓடினால் எஞ்சினின் இயல்பான நடுக்கமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி வெளியே தள்ளிவிடும். அந்த வேகத்தில் கழன்று பறக்கும் திருகு துப்பாக்கிக் குண்டு மாதிரி. கூம்பைத் துளைக்கலாம், கண்ணாடிக்கும் வரலாம். இதெல்லாம் அவன் எனக்குப் பிறகு சொன்னது.

பெரிய சாரின் அறைக்குப் போனான்.

"சார், மேடம் எத்தனை மணிக்குக் கிளம்புறாங்க?"

"நாலரை. ஏன்?"

"நிறுத்தணும் சார். மஞ்சள் நட்டு ஒண்ணு உள்ளேயே இருக்கு."

சார் பேனாவை மூடி வைத்தார். "கீழ எங்கயாவது உருண்டிருக்கும்" என்றார்.

"கூட்டிப் பாத்துட்டேன் சார். புது நட்டும் டிரேயிலயே இருக்கு."

சாரின் கண் மேசைமேல் இருந்த உறைக்குப் போய் வந்தது. "இது இன்னும் போகல. தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

சார் தொலைபேசியை எடுத்தார். மேடம் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. அங்கே உள்ள அலுவலகத்துக்குப் போட்டார். அவங்க விமானத்துல ஏறி உக்காந்துட்டாங்களே என்றார்கள். "ஓடுங்க. முன்னாடி போய் நின்னு கை காட்டுங்க. வண்டி நகரக் கூடாது" என்றார் சார். தம்பி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்முனையில் யாரோ தரையில் ஓடும் சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நாலு நிமிடம் என்று சார் சொல்கிறார். தம்பியைக் கேட்டால், நான் கடிகாரம் பாக்கல என்பான். எதற்கும் கடிகாரம் பார்க்கிறவன் அவன்.

எஞ்சின் ஓடத் தொடங்கியிருந்தது. நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்த மெக்கானிக் கூம்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பேசினார். "மஞ்சள்தான். ஒன்றரை சுத்து தளர்ந்திருக்கு. ஸ்பானரே வேண்டியிருக்கல, விரலால கழட்டிட்டேன்."

மேடம் தொலைபேசியை வாங்கி, தம்பியைக் கூப்பிடச் சொன்னார். "அரைக்கிராம், ஆறுலயே விட்டிருக்கலாம்ல?"

"விட்டிருக்கணும் மேடம்."

"என் பக்கத்துல பத்தொன்பது வயசுப் பொண்ணு உக்காந்திருக்கா. அதை மட்டும் சொல்லிக்கிறேன்."

லாக் நட்டு போட்டபின் விமானம் ஆறரை மணிக்கு வந்து சேர்ந்தது. அந்த மாணவி இறங்கி, யார் அந்த அரைக்கிராம் என்று பார்த்துவிட்டுப் போனாளாம். திட்டவும் இல்லை, நன்றி சொல்லவும் இல்லை.

அன்று தன் தவறைத் தெரிவித்து அவன் எழுதிக்கொடுத்த தாளால் என்னென்ன ஆயிற்று என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பரிந்துரைக் கடிதம் தபாலுக்குப் போகவில்லை. இரண்டு வருடம் கழித்துப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. கூம்பு மூடும் முன் பார்க்காததற்காகப் பெரிய சாருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மூன்று வாரம் அவர் தம்பியோடு வேலையைத் தவிர எதுவும் பேசவில்லை. சுவரில் ஒரு பலகையில் நாலு ஆணி அடித்தார்கள். நாலிலும் மஞ்சள் நட்டு தொங்கினால்தான் கூம்பை மூடலாம், அதையும் சார் வந்து பார்த்த பிறகுதான். தம்பி இப்போது பெட்டி ஆறு காட்டினால் ஆறோடு இறங்கிவிடுகிறான். எனக்கு அதில் இன்றும் ஒரு வருத்தம் உண்டு. அவனுக்கு இல்லை.

பெயிண்டர் மட்டும் வழக்கம்போல வாயைக் கொடுத்தார். "தவளை தன் வாயால கெட்டுச்சாம்."

"நான் தவளைன்னா, பெயிண்டு பூசிக்கிட்டு நிக்கிற நீங்க யாரு, பச்சோந்தியா?" என்றான் இவன். அந்த வாரம் ஹேங்கரில் யாராவது சிரித்தது அப்போதுதான்.

நானும் நல்லபடியாக நடந்துகொள்ளவில்லை. அவனைப் பெருமையாக எழுதுகிறவள் அதை மறைக்கக் கூடாது. விஷயத்தைக் கேட்டதும், "யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. நட்டு மாத்தியாச்சு. சாரே பாத்துக்கிறேன்னு சொன்னாராமே. உனக்கு எதுக்குடா அந்தத் தாளு?" என்று கத்தினேன். பதினோரு வருடம் போச்சே என்ற ஆத்திரம்.

"ஒண்ணும் ஆகலைன்னு உனக்கு எப்படிக்கா தெரியும்? ஒன்றரை சுத்து ஆயிருக்கு" என்றான். இரண்டு நாள் அவனோடு நான் பேசவில்லை. மூன்றாம் நாள், நான் ஊசி குத்தி வைத்திருந்த சான்றிதழ்க் கட்டை அவனே பழைய இடத்தில் எடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். அதன் பிறகு பேசினேன்.

இனி அந்தத் தாள். விமானம் திரும்பி வந்து, மேடமும் போன பிறகு, பெரிய சார் அவனை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவனைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

"அங்க கூம்பைத் திறந்தாங்க, நட்டு மாத்தினாங்க. அவ்வளவுதானே. சோதனைக்காகத் திறந்ததுன்னு நான் ஒரு வரி எழுதிக்கிறேன். நீ வீட்டுக்குப் போ."

"எதுக்காக சோதனைன்னு இருக்காதே சார்."

"யாரு கேக்கப் போறா?"

"இதே மாதிரி சாதா நட்டு வெச்சு வேலை செய்யறவன் எங்கேயாவது ஒருத்தன் இருப்பான் சார். அவன் படிச்சா இன்னொரு தடவை எண்ணுவான்."

"எழுதினா உன் பேர் வரும்டா. ஹேங்கர்ல உதவியாளுங்க கையெழுத்துப் போடறதே இல்ல. பதினோரு வருஷமா நீ செஞ்ச நல்ல வேலைக்கெல்லாம் என் பேர்தான் இருக்கு. உன் பேர் முதல்ல இதுலயா வரணும்?"

"அந்த நட்டைப் போட்டது நான்தானே சார்" என்றான் தம்பி.

சார் இழுப்பறையைத் திறந்து, தவறுகளைத் தெரிவிக்கும் படிவம் ஒன்றை எடுத்துப் போட்டார். தன் பேனாவையும் கொடுத்தார். தம்பி உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதினான். அதிர்வு ஏற்கெனவே அளவுக்குள் இருந்தது, தேவையில்லாமல் மேலும் குறைக்க முயன்றேன், அவசரத்தில் லாக் நட்டு போடாமல் கூம்பை மூடினேன் என்பதுதான் அந்த ஆறு வரி. மூன்று எழுத்துப்பிழைகள். சார் ஒன்றைத் திருத்தினார். மற்ற இரண்டும் இன்றும் அப்படியே இருக்கின்றன. அந்தப் படிவத்தின் நகலை நான் பார்த்திருக்கிறேன். அடியில் வேலை செய்தவர் என்ற இடத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுவது போல ஒவ்வொரு எழுத்தும் பிரித்துப் படிக்கும்படி தன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறான். பக்கத்தில் தேதி: 17.3.2011, வியாழன்.